கழுவாத அரிசி

எங்கள் வீட்டுக் குசினிக்குள் நான் ஒருநாளும் அடுப்பு மூட்டியதில்லை. உம்மா இருந்தவரை அதற்குத் தேவை வரவில்லை, பிறகு மனைவி. பயிற்சிக் கலாசாலையில் ‘செய்து கற்றல்’ என்ற தலைப்பில் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதித் தேறியவன், நாற்பத்தொரு வயதில்தான் சோறாக்கப் பழகினான், அதுவும் ஸ்பெயினில் என்றால் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

2019 டிசம்பர் விடுமுறையில் தம்பி என்னைத் தன்னிடம் அழைத்திருந்தான். வலென்சியா நகரை ஒட்டிய அல்போராயா என்ற ஊரில் அவனுக்கு இருப்பிடம். பக்கத்து வீட்டில் எழுபது கடந்த ஒரு மூதாட்டி. நான் ஆசிரியன் என்று அறிந்ததும் ‘மாயெஸ்த்ரோ’ என்று கூப்பிடத் தொடங்கினார். அவர்கள் பாஷையில் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் அதுதான் பெயர். ஞாயிற்றுக்கிழமை பயேயா சமைக்கப் போகிறேன், மாயெஸ்த்ரோவும் ‘கொஸினா’வுக்கு வரட்டும் என்றார். தம்பி மொழிபெயர்க்கும் முன்பே அந்தச் சொல் எனக்கு விளங்கிவிட்டது. போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்ற குசினியின் உடன்பிறப்பல்லவா அது!

பயேயா என்பது முதலில் பாத்திரத்தின் பெயர். இரண்டு காதுகள் வைத்த, அகன்ற, ஆழமில்லாத இரும்புத் தட்டு. அதில் ஆக்கும் சோற்றுக்கும் அந்தப் பெயரே ஆகிவிட்டது. கோழியும் முயலும் தட்டைப் போஞ்சியும் சேரவேண்டும் என்று நான் படித்துக்கொண்டு போயிருந்தேன். கோழியையும் முயலையும் தம்பி ஹலால் கடையில் வாங்கிவந்தான். “போஞ்சி எங்கே?” என்று கேட்டேன். மூதாட்டி சிரித்தார். “போஞ்சி கோடைக்குரியது. இப்போது மண் தருவது இதைத்தான்” என்று வீட்டின் பின்னால் இருந்த தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே அல்காச்சோபா நின்றது. செதில் செதிலாக மூடிய, இன்னும் விரியாத பூமொட்டு. புற இதழ்களை உரித்தெறிந்துவிட்டு உள்ளிருக்கும் இளம்பாகத்தைத்தான் சமைப்பார்கள். குளிர்காலப் பயேயாவில் போஞ்சியின் இடத்துக்கு அது வரும். சோற்றின் நிறமும் சற்றுக் கறுக்கும்.

தோட்டத்தின் ஓரத்தில் ஒரு வாய்க்கால். “அஸேக்கியா” என்றார். அரபியின் ‘ஸாக்கியா’ அது. அல்காச்சோபாவும் அரபிதான். அரிசி ‘அர்ரோஸ்’, குங்குமப்பூ ‘அஸாப்ரான்’, ஒலிவங்காய் ‘அஸெய்த்தூனா’. மத்ரஸாவில் ஓதிய ஸைத்தூன் ஒரு கிறிஸ்தவ மூதாட்டியின் வாயிலிருந்து வந்தபோது எனக்குப் புல்லரித்தது. 1238 இல் வலென்சியா முதலாம் ஹைமே மன்னனின் கைக்குப் போனது. அங்கே எஞ்சியிருந்த முஸ்லிம்களின் சந்ததியார், மதம் மாற்றப்பட்ட பிறகும், 1609 இல் மூன்றாம் பிலிப்பின் ஆணைப்படி நாடுகடத்தப்பட்டார்கள். பன்றியிறைச்சியை ஒதுக்கினார் என்பதே ஒருவருக்கு எதிரான சாட்சியாகிய காலம் அது. ஆட்கள் போனார்கள். வாய்க்காலும் சொற்களும் நின்றுவிட்டன.

அந்த வாய்க்கால்களுக்கு ஒரு நீதிமன்றமும் உண்டு. வியாழக்கிழமைகளில் நண்பகல் 12 மணிக்கு, பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் விவசாயிகளே நீதிபதிகளாக அமர்ந்து தண்ணீர் வழக்குகளைத் தீர்க்கிறார்கள். விசாரணை முழுவதும் வாய்மொழியாகவே நடக்கும். 2009 இல் யுனெஸ்கோ அதை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்த மூதாட்டியின் சமையலும் அப்படித்தான். எழுத்தில் ஒன்றுமே இல்லை.

ஞாயிறன்று முற்றத்தில் தோடை மர விறகை மூட்டினார். ஒலிவ் எண்ணெயில் இறைச்சி பொன்னிறமாகும் வரை அவசரப்படாமல் நின்றோம். அல்காச்சோபா, துருவிய தக்காளி, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள்; அது கருகுமுன் தண்ணீர். அரைமணி நேரம் கொதித்து இறைச்சியின் சாரம் நீரில் இறங்கியதும் குங்குமப்பூ. “இனி அரிசி, ஆளுக்கு 100 கிறாம்” என்றார். அரிசிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நேரே குழாயடிக்குப் போனேன். மூதாட்டி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பயேயாவுக்கு அரிசியைக் கழுவுவதில்லையாம்.

“உன் தாய் கழுவுவாரா?”

“மூன்று தண்ணீர்.”

“அதன் பிறகு?”

தம்பி மொழிபெயர்த்துவிட்டு என்னையே பார்த்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. அவனுக்கும் தெரியாது.

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கற்பிட்டிக்கு வந்த வள்ளத்தில் உம்மா ஒரு சட்டியைக்கூட ஏற்றவில்லை. ஆனாலும் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் மூன்று கல் வைத்து அவர் காய்ச்சிய மீனாணத்தில் எங்கள் ஊர் மணத்தது. இருபத்தேழு வருடம் அதைச் சாப்பிட்டேன். எதை முதலில் போட்டார், எப்போது இறக்கினார் என்று ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. நான் ஸ்பெயினுக்குப் போகும்போது உம்மா மௌத்தாகி இரண்டு வருடம்.

அரிசி போட்ட பிறகு கிளறக்கூடாது. முதல் பத்து நிமிடம் பெரிய தீ, பிறகு விறகை விலக்கிச் சிறு தீ. பதினெட்டு நிமிடத்தில் தண்ணீர் வற்றி, அடியில் மெல்லிய காந்தல் பிடிக்கும் சத்தம் கேட்டது. அந்தக் காந்தலை ‘சொகர்ராத்’ என்பார்கள். அதற்குத்தான் பிள்ளைகள் அடிபடுவார்களாம்.

தட்டை மேசையின் நடுவில் வைத்தார். தனித்தனிப் பீங்கான் இல்லை. சுற்றியிருந்த ஆறு பேரும் ஆளுக்கொரு மரக்கரண்டியோடு, தன் முன்னாலுள்ள பங்கை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி எடுத்தார்கள். அடுத்தவர் பக்கம் கரண்டி போவது மரியாதையில்லை. “ஸஹன்தான், நானா” என்றான் தம்பி.

ஊர் திரும்பிய மறுநாள் மீனையும் புளியையும் வாங்கிக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போனேன். உம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பழகியவர் அவர் ஒருவர்தான். கொப்பியும் பேனையும் எடுத்தேன். “எத்தனை கரண்டி மல்லி, ராத்தா?”

“கொப்பிய வெச்சிட்டு இங்க வா தம்பி” என்றார். “கையக் கழுவிட்டுப் புளியக் கரை.”