பீடத்திலிருந்து படிக்கட்டுக்கு

செபிக்க நேரமில்லை என்னும் சொல்லை இந்நாளில் இளையோர் மட்டும் சொல்வதில்லை. அவர்களைப் பெற்று வளர்க்கும் நாமும் சொல்கிறோம். ஆலய மணி மூவேளையும் ஒலிக்கத்தான் செய்கிறது. ஆயினும் அவ்வோசை கேட்டுக் கைவேலையை நிறுத்திச் சிலுவை அடையாளம் வரைவோர் அருகிவிட்டனர். ஞாயிறு மட்டும் கடன் திருநாளாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஏனைய ஆறு நாள்களும் இறைவனுக்கு அந்நியமாகிக்கொண்டு வருகின்றன.

எங்கள் பங்கில் பல ஆண்டுகளாக நான் மறைக்கல்வி கற்பித்து வருகிறேன். இளையோரைக் குறை கூறுவது எளிது என்பதை அவ்வகுப்பறை எனக்குக் கற்பித்திருக்கிறது. செபத்தை அவர்கள் வெறுப்பதில்லை. அதனால் யாருக்கு என்ன நன்மை என்று கேட்கிறார்கள். அக்கேள்வியை அடக்கிவிடாமல் மரியாதையோடு ஏற்பதே ஆசிரியருக்கு அழகு.

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், உரோமைப் புனித பேதுரு வளாகத்தில் திருத்தந்தை பதினான்காம் லியோ, இளைஞர் இருவரைப் புனிதர்களாக உயர்த்தினார். ஒருவர் கார்லோ அகுதிஸ். நாள்தோறும் திருப்பலியும் செபமாலையும் தவறாமல், கணினித் திறமையை நற்கருணைப் புதுமைகளை அறிவிக்கப் பயன்படுத்தி, 2006-இல் தம் 15-ஆம் வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தவர். கணினியை அறிந்த நம் பிள்ளைகளுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையிருக்கவில்லை. மற்றவரான பியர் ஜார்ஜியோ ஃபிரசாத்தியைத்தான் அவர்கள் அறிந்திருக்கவில்லை. எனவே அவரது வாழ்வை அவ்வார வகுப்புக்கு எடுத்துக்கொண்டேன்.

இத்தாலியின் தூரின் நகரில் 1901-இல் பிறந்தார் ஃபிரசாத்தி. தந்தை ‘லா ஸ்தாம்பா’ என்னும் புகழ்பெற்ற நாளிதழை நடத்தியவர். பின்னர் செர்மனி நாட்டுக்கு இத்தாலியின் தூதராகவும் இருந்தவர். தாய் ஓவியர். பக்தி மணம் கமழ்ந்த இல்லம் அன்று அது. இயேசு சபையாரின் பள்ளியில் பயின்றபோதுதான் அச்சிறுவன் நாள்தோறும் நற்கருணை உட்கொள்ளும் வழக்கத்தை மேற்கொண்டான்.

இன்று இது நமக்குப் பெரிதாகத் தோன்றாது. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1905-இல்தான், தகுந்த உள்ளத்தோடு வரும் இறைமக்கள் நாள்தோறும் நற்கருணை உட்கொள்ளலாம் என்று ஊக்குவித்தார். 1910-இல் ஏறத்தாழ ஏழு வயதிலேயே சிறுவர் புதுநன்மை பெற வழி திறந்தார். அவ்வாறு திறந்த வாயிலில் முதலில் நுழைந்த தலைமுறையைச் சேர்ந்தவர் ஃபிரசாத்தி.

காலையில் பீடத்தண்டை மண்டியிட்ட அவ்விளைஞர், புனித வின்சென்ட் தே பவுல் சபையில் 1918-இல் சேர்ந்தார். அன்று முதல் தூரின் நகரத்து ஏழைகளின் இருண்ட படிக்கட்டுகளில் ஏறி இறங்குவதும் அவரது வழக்கமாயிற்று. ஏழைகளின் வீடுகளில் நாற்றமும் நோயும் இருக்குமே, எப்படிப் போகிறாய் என்று வினவிய நண்பரிடம், காலையில் இயேசு தம்மைத் தேடி நற்கருணையில் வருவதாகவும், அவரை ஏழைகளிடம் தேடிச் செல்வதே தாம் செய்யும் கைம்மாறு என்றும் கூறினாராம். மலையேற்றத்தில் பெருவிருப்பம் கொண்டவர், பொறியியல் மாணவர், நண்பர் நடுவே நகைச்சுவை மிக்கவர். பாசிசம் தலைதூக்கிய நாளில் அதை வெளிப்படையாக எதிர்த்தவர். செபம் அவரைக் கோழையாக்கவில்லை.

1925 சூலையில் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. அவ்வேளையில் வீட்டில் பாட்டியும் இறந்ததால், அவரது நோயின் கடுமையை வீட்டார் தொடக்கத்தில் உணரவில்லை. செயலிழந்துகொண்டிருந்த கையால் அவர் கடைசியாகக் கிறுக்கிய குறிப்பு, ஏழை நோயாளி ஒருவருக்குச் சேரவேண்டிய ஊசிமருந்தைப் பற்றியது. மறுநாள், சூலை 4-இல், 24-ஆம் வயதில் உயிர்துறந்தார். அடக்கச் சடங்குக்குத் திரண்ட ஏழைகளைக் கண்ட பிறகே, தம் பிள்ளை யாரென்று குடும்பத்தார் முழுமையாக அறிந்தனர்.

இதை நான் சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் எழுந்தாள். “சார், அவர் பணக்கார வீட்டுப் பிள்ளை. காலையில் கோவிலுக்குப் போக அவருக்கு நேரம் இருந்தது. நான் ஐந்து மணிக்கு எழுந்து, படுக்கையில் கிடக்கும் பாட்டியைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடுகிறேன். எனக்கு நற்கருணை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானா? அதுவும் பாட்டிக்கு முடியாத ஞாயிறு என்றால் இல்லை” என்றாள்.

வகுப்பு அமைதியாயிற்று. அவள் குரலில் புகார் இல்லை, பசி இருந்தது. அன்றாடத் திருப்பலியை உயர்த்திப் பேசும் நம் மறையுரைகளெல்லாம் இப்பசிக்கு விடை சொல்லியாக வேண்டும். வர இயலாதவர்கள் ஆன்மிக முறையில் நற்கருணையை நாடலாம் என்று திருச்சபை கற்பிப்பதை அவளுக்கு எடுத்துரைத்தேன். ஏங்கும் உள்ளத்தை ஆண்டவர் வெறுமையாய் விடுவதில்லை என்பது உண்மையே. ஆனால் அந்த விடையோடு நாங்கள் வீடு திரும்பியிருந்தால், சுமை முழுவதையும் அவள் தோளிலேயே மீண்டும் வைத்தவர்களாகியிருப்போம்.

அப்போது புனித சவேரியார் நினைவுக்கு வந்தார். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், தெருவில் மணியடித்துச் சிறுவரைக் கூட்டித் தமிழில் செபங்களைக் கற்பித்தார். செபம் கற்க வந்த சிறுவர் தம்மை உண்ணவும் உறங்கவும் விடவில்லை என்று 1542-இல் எழுதிய மடலில் அவரே வியக்கிறார். நோயாளிகள் பலர் அழைத்தபோது, எல்லா வீடுகளுக்கும் போக இயலாத அவர், செபங்களைக் கற்ற சிறுவரையே தமக்குப் பதிலாக அனுப்பினார். அவர்கள் படுக்கையருகே நின்று செபித்தார்கள். நம் மண்ணில் இளையோரின் செபம் தொடக்கத்திலேயே கோவில் வாசலைத் தாண்டி நோயுற்றோர் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. தூரின் நகரத்துப் படிக்கட்டு நமக்குப் புதிதன்று.

இதை நான் கூறியபோது, கல்லூரியில் பயிலும் மாணவியர் இருவர், “வாரத்தில் ஒரு நாள் காலையில் நாங்கள் பாட்டியோடு இருக்கிறோம், அக்கா, நீங்கள் பூசைக்கு வாருங்கள்” என்றார்கள். வியாழக்கிழமை என்று முடிவாயிற்று. பங்குத்தந்தையும் அந்த வீட்டை முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் வீடுகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

அந்த மாணவியர் இருவரும் அதுவரை நாள் திருப்பலிக்கு வந்து பழகியவர்கள் அல்லர். சில வாரங்கள் கழித்து அவர்களுள் ஒருத்தி செவ்வாய்க்கிழமைத் திருப்பலியில் தென்பட்டாள். “வியாழக்கிழமை பாட்டியிடம் போவதற்குச் செவ்வாய்க்கிழமை இங்கே வர வேண்டியிருக்கிறது, சார்” என்றாள். பாட்டி கோபக்காரர் என்றும், ஒருமுறை கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார் என்றும் சொன்னாள். பொறுமை தன்னிடம் அவ்வளவாக இல்லை என்பதை அவள் கண்டுகொண்டிருக்கிறாள். அது கிடைக்கும் இடத்தையும் கண்டுகொண்டிருக்கிறாள். செபத்தின் பயனை என் பாடத்தைவிடத் தெளிவாக அந்தக் கிண்ணம் அவளுக்குக் கற்பித்திருக்கிறது.

நற்கருணை கிறிஸ்தவ வாழ்வு அனைத்துக்கும் ஊற்றாகவும் உச்சியாகவும் இருக்கிறது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. ஊற்று என்றால் அதிலிருந்து நீர் வெளியே ஓட வேண்டும். உச்சி என்றால் அதை நோக்கிக் கால்கள் ஏற வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் காக்க முடியாது. பணியற்ற பக்தி தன்னைத்தானே சுற்றிச் சோர்வடையும். பக்தியற்ற பணி முதல் அவமதிப்பிலேயே கைவிடப்படும்.

பெற்றோராகிய நாம் நம் பிள்ளைகளிடம் பெரியவற்றை உடனே கேட்க வேண்டாம். இரவு உணவுக்கு முன் வீட்டில் பத்து மணிச் செபமாலையேனும் சொல்வோம். கைப்பேசிகள் அதுவரை அலமாரியில் இருக்கட்டும், நம்முடையதும். ஞாயிறு அல்லாத ஒரு நாளில் அவர்களோடு நாமும் திருப்பலிக்குச் செல்வோம். பிறகு அந்த வாரமே, நம் தெருவில் கோவிலுக்கு வர இயலாதிருப்பவர் யார் என்று அவர்களிடம் கேட்போம். நாம் அறியாத வீடுகளை அவர்கள் அறிந்திருப்பார்கள்.