முதல் அடியைத் தடுக்கும் மார்க்கம்



கொல்லிமலை வளப்பூர் நாட்டில் ஓதிக்கொடுக்கும் எம்மிடம், மாணவர் சிலர் ஆட்டோ சங்கரைப் பற்றி ஒரு வீரனைப் பற்றிக் கேட்பது போலவே வினவுவதுண்டு. மலைக்குக் கீழே, சேலம் மத்திய சிறையில்தான் 1995 ஏப்ரல் 27 அன்று அவன் தூக்கிலிடப்பட்டான்.

கௌரி சங்கர் கொலையில் தொடங்கவில்லை. சென்னை திருவான்மியூரில் ஆட்டோ ஓட்டினான், கள்ளச்சாராயம் கடத்தினான், விபச்சாரத் தொழில் நடத்தினான். அதன்பின்னரே ஆறு கொலைகள். 1991இல் செங்கல்பட்டு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

மதுவைத் தீமைகளின் தாய் என மார்க்கம் எச்சரிக்கிறது. விபச்சாரத்தைத் தடுப்பதோடு நில்லாமல், அதன் அருகே செல்வதையே திருமறை (17:32) தடுக்கிறது. பாவம் படிப்படியாகவே மனிதனை இழுத்துச் செல்லும் என்பதே இதன் உட்பொருள். அவனிடம் காசு கொடுத்து வந்தவர்களும் அப்படிகளை அமைத்தவர்களே.

சிறையில் அவன் எழுதிய வாழ்க்கைக் கதையை வெளியிடும் உரிமை குறித்து 1994இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. கொன்றவனின் கதை ஊரறிந்தது. கொல்லப்பட்ட அறுவரின் பெயர் எவருக்கும் நினைவில்லை. ஓர் அப்பாவியைக் கொல்வது மனித குலத்தையே கொல்வதற்கு ஒப்பு (5:32) என நம்பும் நாம், பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது அந்த அறுவரின் வீடுகளிலிருந்து தொடங்குவோமாக.