கல் பாலத்தின் கீழே

சென்ற வருடம் மகளைப் பார்ப்பதற்காக அமெரிக்கா சென்றிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னை வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள இயற்கைப் பாலத்தைக் காட்ட அழைத்துச் சென்றாள்.

"பாலம் பார்க்கவோ பிள்ளை இவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"வந்து பாருங்கோ அம்மா" என்றாள்.

முழங்கால் நோவோடு படிகளில் மெல்ல இறங்கினேன். கீழே சீடர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். 215 அடி உயரத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் வளைவு! எந்த மேசனின் கையும் படாதது. அதன் மேலாக ஒரு நெடுஞ்சாலையே போடப்பட்டிருக்கிறது.

பின்னாளில் அமெரிக்க சனாதிபதியான தோமஸ் ஜெபர்சன் 1774 இல் இந்த இடத்தை 20 சிலிங்குக்கு வாங்கினாராம். 2016 இல்தான் இது மாநிலப் பூங்காவானது. அவருக்கெல்லாம் முன்பே இது மொனக்கன் என்னும் பூர்வீகக் குடிகளின் புனித இடம். அவர்களுடைய கதையை மகள் சொன்னாள்.

பகைவர் துரத்த ஓடிவந்த அம்மக்கள், இந்தப் பள்ளத்தின் விளிம்பில் வழியின்றி நின்றார்களாம். இறைவனை மன்றாடினார்களாம். எழுந்து பார்த்தபோது எதிரே பாலம் இருந்ததாம். பெண்களையும் பிள்ளைகளையும் முதலில் கடக்கவிட்டு, ஆண்கள் பின்னால் நின்றார்களாம்.

எனக்கு அதற்குமேல் நடக்க முடியவில்லை.

1996 சித்திரை மாதம். கிளாலிக் கரை. மூன்று வயது மகளையும் என்னையும் வள்ளத்தில் ஏற்றிவிட்டு, "நீங்கள் முதல்ல போங்கோ. அம்மாவைக் கூட்டிக்கொண்டு அடுத்த வள்ளத்தில வாறன்" என்றார் அவர். அக்கரையில் மூன்று நாட்கள் காத்திருந்தேன். அவரும் வரவில்லை, மாமியும் வரவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அப்பா காணாமற் போனார் என்பது மட்டுமே மகளுக்குத் தெரியும். அவர் கடைசியாகச் சொன்னதை நான் அவளிடம் சொன்னதேயில்லை. அன்று ஓடைக்கரையில் அமர்ந்து சொன்னேன். என் கையை விடாமல் பிடித்தபடி கேட்டாள். "அப்பான்ர குரல் எப்படி அம்மா இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

திரும்பும்போது, பாலம் உண்டான விதத்தை விளக்கினாள். முன்பு அங்கே ஒரு குகை இருந்ததாம். சுண்ணாம்புக்கல்லைக் கரைத்தபடி நீர் நிலத்தடியில் ஓடியதாம். காலப்போக்கில் குகையின் கூரை இடிந்து விழ, விழாமல் எஞ்சிய துண்டுதான் பாலமாம்.

சகோதரிகளே, நாங்களும் இடிந்து விழுந்ததில் எஞ்சியவர்கள்தான். பிள்ளைகள் வேதனைப்படுவார்கள் என்று பலவற்றை மனதிற்குள் பூட்டி வைத்திருக்கிறோம். ஆறுதலாக ஒருநாள் அவர்களுக்குச் சொல்லுங்கள். எந்த வழியால் கடந்து வந்தோம், யார் எங்களைக் கடக்கவிட்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.