ஊஞ்சற் பாட்டும் ஒரு கசற்றும்

சென்ற மாரிகாலத்து விடுமுறையில், எமது கல்லூரியில் உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் பயிலும் மாணவன் ஒருவன் எம்மில்லம் வந்து, எம்மிடமிருந்த பழம் பாட்டுக் கசற்றுக்களைக் கணினியிற் பதிந்து தந்தான். கசற்றுக்கள் பதினொன்று, பாட்டுக்கள் நூற்று முப்பதுக்குச் சற்று மேல்.

"இந்தப் பாட்டெல்லாம் இப்ப போனிலேயே கேக்கலாம் சேர். ஏன் இவ்வளவு கஷ்டப்படுறியள்?" என்று அவன் வினவினான். நியாயமான வினாவே. நாம் விடையிறாது தேநீரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தோம்.

இத்தொகுதி நாம் தொகுத்ததன்று. எமது தந்தையார் தொகுத்தது. அரசாங்க இலிகிதராய்க் குருநாகலிலும் பதுளையிலும் காலியிலும் கடமையாற்றிய அவர், சென்ற ஊர்தோறும் உடனுறைந்த நண்பர்களின் இரசனையையும் கைக்கொண்டு திரும்பினார். ஆதலால் ஒரே கசற்றில், தீபாவளி மூன்று கண்டு ஓடிய 'ஹரிதாஸ்' (1944) படத்துத் தியாகராஜ பாகவதரை அடுத்து மொகிதீன் பேக் சிங்களத்திற் பாடுவார். அவரை அடுத்து முகம்மது ரபி. பின் நாகூர் ஹனிபா. இடையில் யாதொரு முன்னறிவித்தலுமின்றி, 1964 இல் விமான விபத்தில் மாண்ட ஜிம் ரீவ்ஸ் என்னும் அமெரிக்கர் வந்து மென்குரலில் ஏதோ சொல்லிப் போவார். எழுபதுகளில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப் பாட்டுக்களுக்கும் இடமுண்டு. பாகவதரிற் பக்தி பூண்ட ஒருவர் இவற்றையும் எங்ஙனம் விரும்பினார் என்பது எமக்கு இன்றளவும் விளங்காத புதிர்.

இவ்வித இரசனைக்கு இலங்கை வானொலியும் ஒரு காரணம். 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டுக்கள் மக்களின் செவியைக் கெடுப்பன என்று கருதியவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் அப்பாட்டுக்கள் அருகின. உடனே பாரதமெங்குமுள்ள நேயர்கள் தம் பெட்டிகளின் முள்ளைக் கொழும்பை நோக்கித் திருப்பினர். ஒருவர் வேண்டாமென்று தள்ளிய பாட்டுக்கள் எமது சிறு தீவிலிருந்து கண்டமெங்கும் ஒலித்தன. 1957 இல் விவித் பாரதி தொடங்கும்வரை கொழும்புக்குப் போட்டியே இல்லையெனலாம். தந்தையார் அக்காலத்துப் பள்ளிச் சிறுவர். மயில்வாகனனாரின் குரலைக் கேட்டே தாம் தமிழ் உச்சரிக்கக் கற்றதாக அவர் சொல்வதுண்டு. தமிழாசிரியராகிய எம்மிடம் அதனைச் சற்று அழுத்தியே சொல்வார்.

மொகிதீன் பேக்கை அவர் ரபிக்கு அருகில் வைத்தமைக்குத் தக்க காரணமுண்டு. பேக், தமிழ்நாட்டின் சேலத்திற் பிறந்து இலங்கை வந்து வாழ்ந்த முஸ்லிம். அவர் பாடிய பௌத்த பக்திப் பாட்டுக்கள் ஒலிக்காத வெசாக் இல்லை. ரபியோ 'பைஜு பாவ்ரா' (1952) படத்தில், நாம் இந்தோளம் என வழங்கும் மால்கௌன்ஸ் இராகத்தில், ஹரியை நோக்கி உருகிப் பாடினார். அதனை எழுதியவர் ஷகீல் பதாயூனி, இசையமைத்தவர் நௌஷாத், மூவரும் முஸ்லிம்கள். இவ்விரு பாட்டுக்களையும் அடுத்தடுத்துக் கேட்கவைத்துவிட்டுத் தந்தையார் எம் முகத்தைப் பார்ப்பார். வேறொன்றும் பேசார்.

1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரி கிடையாது, மண்ணெண்ணெய் பொன்போலாயிற்று, ஜாம் போத்தல் விளக்கிற் படித்தோம். ஆயினும் பாட்டு நின்றதில்லை. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு பொருத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றினால் வானொலி பாடும். சுழற்றுபவர் களைத்தாற் பாடகரும் களைப்பார். டி. எம். சௌந்தரராஜன் போன்ற கம்பீரக் குரலினர் எம் முற்றத்தில் எத்தனை தரம் தளர்ந்து வீழ்ந்தனர் என்பதற்குக் கணக்கில்லை.

1993 ஆம் ஆண்டு ஒரு மாலை. எமக்கு அப்பொழுது வயது பதினான்கு; தம்பிக்குப் பதினொன்று. திருச்சி வானொலி அடுத்த பாட்டின் பெயரை அறிவித்தது. 'பாதை தெரியுது பார்' (1960) படத்திற்காக ஜெயகாந்தன் எழுதி, எம். பி. ஸ்ரீநிவாசன் இசையமைத்து, பி. பி. ஸ்ரீநிவாசும் எஸ். ஜானகியும் பாடியது. படம் ஓடவில்லை, பாட்டு நிலைத்தது. அப்பாட்டின்மீது நாம் அந்நாளிற் பித்துக் கொண்டிருந்தோம். புதுக் கசற்று வாங்க வழியில்லை. கைக்கு எட்டிய ஒன்றை எடுத்துப் பெட்டியிலிட்டு, தம்பியைச் சுழற்றச் சொல்லிப் பதிவுக் கட்டையை அழுத்தினோம்.

அக்கசற்றின் முகப்பில் 'ஆச்சி' என்று தந்தையார் எழுதியிருந்தார். எமக்கு அப்பாச்சியாகிய தம் தாயாரை அவர் அங்ஙனமே அழைப்பார். 1989 இல் அப்பாச்சியை மிகவும் வற்புறுத்தி, அவர் நாணி மறுக்க மறுக்க, கோயில் ஊஞ்சற் பாட்டொன்றைப் பாடச் செய்து பதிந்தது அது. நாலு நிமிடத்திற்குச் சற்று அதிகம். கசற்றின் மிகுதி வெறுமை. 1991 இல் அப்பாச்சி காலமானார். நாம் முகப்பைப் படிக்கவில்லை என்று இங்கு எழுதிவிடலாம், வாசகர் நம்பவுங்கூடும். படித்தோம். வெறுமையான பகுதிக்கு நாடாவைச் சுற்றிக்கொள்ள நேரமில்லை, பாட்டுத் தொடங்கிவிட்டது. அவ்வளவே. நாம் விரும்பிய பாட்டும் ஊஞ்சலொன்றைப் பற்றியதே என்பது பின்னரே எம் நெஞ்சில் உறைத்தது.

இரண்டாண்டு நாம் வாய் திறக்கவில்லை. தந்தையாரும் அக்கசற்றைப் போட்டுக் கேட்க அஞ்சியவர்போல் அதனைத் தொடாதிருந்தார்.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்த இரவு. மழை. சைக்கிளில் ஓர் அரிசி மூட்டை, உடுப்புப் பை, காணி உறுதிகள், பிள்ளைகளின் சான்றிதழ்கள். எஞ்சிய இடம் ஒரு சிறிய தகரப் பெட்டிக்குத்தான். தந்தையார் ஜாம் போத்தல் விளக்கின் முன் அமர்ந்து அறுபதுக்கு மேற்பட்ட கசற்றுக்களிலிருந்து பதினொன்றைத் தெரிந்தார். பாகவதரின் தனிக் கசற்று ஒன்று அவருக்கு உயிர். அதனை உள்ளே வைத்தார். பெட்டி மூட மறுத்தது. அதனை எடுத்து வெளியே வைத்துவிட்டு 'ஆச்சி'யை உள்ளே வைத்து மூடினார். நாம் அருகில் நின்றோம். சொல்லவேண்டிய தருணம் அதுவே. செம்மணி வெளியில் மனிதத் திரளிடை நகர்ந்த அவ்விரவு முழுவதும், அடுத்த அடியிற் சொல்வோம், அடுத்த அடியிற் சொல்வோம் என்று எண்ணியவாறே நடந்தோம்.

1996 இல் மீண்டு வந்தபோது வீட்டிற்குக் கூரையில்லை. விட்டுச் சென்ற கசற்றுக்களில் ஒன்றேனும் இல்லை. பாகவதர் போனார். மின்சாரம் மீண்ட பின்னர் ஒருநாள் தந்தையார் அப்பெட்டியைத் திறந்து 'ஆச்சி'யை எடுத்துப் போட்டார். எங்கேனும் ஓடிவிடலாமா என்றிருந்தது எமக்கு. ஸ்ரீநிவாஸ் பாடத் தொடங்கினார். தந்தையார் அசையவில்லை. பாட்டின் பிற்பகுதியில் தம்பியின் கை தளர்ந்து நாடா மெதுவாய் ஓடியதால், இப்போது சரியான வேகத்தில் ஓடும்போது குரல்கள் மேலேறி, ஸ்ரீநிவாஸ் பாலகனாயும் ஜானகி சிட்டுக்குருவியாயும் மாறினர். பிறகு 'கிளிக்' என்றொரு சத்தம். உடனே அப்பாச்சியின் குரல். ஊஞ்சற் பாட்டின் கடைசி அடி, ஓர் இருமல், "காணும் மேனை, நிப்பாட்டு."

தந்தையார் நாடாவைச் சிறிது பின்னே சுற்றி அவ்விடத்தை மட்டும் மறுபடி கேட்டார். பின்னர் பேனையை எடுத்து, 'ஆச்சி' என்பதன் கீழ் 'பாதை தெரியுது பார், 1960' என்று எழுதினார். "நல்ல பாட்டுத்தான்" என்றார். 2014 இல் அவர் காலமாகும்வரை அதுபற்றி வேறொரு சொல்லும் சொன்னாரில்லை. ஏசியிருந்தாற் சுகமாயிருந்திருக்கும்.

இதனையெல்லாம் அன்று அம்மாணவனுக்குச் சொல்ல நேர்ந்தது. ஏனெனில் அவன், "சேர், இந்தப் பாட்டின்ரை முடிவிலை ஆரோ ஒரு வயசுபோன ஆள் கதைக்கிற சத்தம் கிடக்கு. வெட்டி விடட்டோ?" என்று கேட்டுவிட்டான். கதையைக் கேட்டபின் சிறிது நேரம் கணினித் திரையைப் பார்த்திருந்து ஏதோ கணக்குப் போட்டான்.

"சேர், மிஞ்சின துண்டு பதினாலு செக்கன். டைனமோ ஒழுங்காய்ச் சுத்தியிருந்தால் இந்தப் பாட்டுக்கு இதைவிடக் கூட நாடா போயிருக்கும். இந்தப் பதினாலு செக்கனும் அழிஞ்சிருக்கும்."

முப்பதாண்டாய் எமக்குத் தோன்றாத கணக்கு. நாடா மெதுவாய் ஓடினால் பாட்டு குறைந்த நீளத்தில் அடங்கிவிடும் என்பது இத்துணை எளிய உண்மை.

அன்றிரவே கனடாவிலுள்ள தம்பியைத் தொலைபேசியில் அழைத்தோம். பாட்டின் பிற்பகுதி கெட்டது சைக்கிள் செயின் கழன்றதால், தான் களைத்ததாலன்று என்று அத்தனை ஆண்டும் சாதித்து வந்தவன் அவன். மாணவனின் கணக்கைச் சொன்னோம். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை.

"அண்ணை," என்றான் பின்பு, "செயின் கழரேல்லை. எனக்குக் கை நொந்தது."