குண்டூசியில் நிற்கும் நத்தை

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஓவியர் மத்தீஸின் 'நத்தை' படத்தைச் செய்ய வைக்கப் போவதாகப் போனில் சொன்னாய். நல்ல யோசனை அம்மா. ஆனால் படத்தைச் செல்போனில் காட்டி, கிளேஸ் பேப்பரைக் கிழித்துச் சுருளாக ஒட்டச் சொல்வதோடு முடிப்பதாக இருந்தால் வேண்டாம். வகுப்பு முழுக்க ஒரே நத்தைதான் வரும். தலைமையாசிரியர் மெச்சுவார், ஆண்டு விழா மேடைக்கும் ஆகும். பிள்ளைகளுக்கு மிஞ்சுவது விரலில் காய்ந்த பசை.

பெரிய ஆளைப் பின்பற்றுவது என்றால் அவர் முடித்து வைத்ததைப் பார்த்துச் செய்வது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். வேலை நடந்துகொண்டிருந்தபோது அந்த அறையில் என்ன நடந்தது என்று பார். சரக்கு அங்கேதான் இருக்கிறது.

ஹென்றி மத்தீஸ் 1869இல் பிரான்சில் பிறந்தவர். வக்கீல் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. இருபது வயதை ஒட்டிக் குடல்வால் நோயில் படுத்தபோது பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று அம்மா ஒரு வண்ணப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். எழுத்தர் அதோடு ஓவியராகிவிட்டார். 1941இல் புற்றுநோய்க்குப் பெரிய அறுவை சிகிச்சை. அதன்பின் சக்கர நாற்காலியும் படுக்கையும்தான். வெகுநேரம் நின்று வரைய முடியாத அந்த நாட்களில்தான் கத்தரிக்கோல் அவர் கையில் நிலைத்தது. தாள் வெட்டுவது அவருக்குப் புதிதல்ல. 1930களின் தொடக்கத்திலேயே ஒரு சுவரோவியத்துக்காக உருவங்களை இடம் மாற்றிப் பார்க்கத் தாளை வெட்டியிருக்கிறார். எடுபிடியாக இருந்த வித்தை கடைசிக் காலத்தில் முதலாளியாகிவிட்டது. (இதை வைத்து நோயும் நன்மைக்கே என்று வகுப்பில் சொல்லிவிடாதே. அவர் பட்ட வலி அவருக்குத்தான் தெரியும்.)

அவர் கடையில் வண்ணத்தாள் வாங்கவில்லை. உதவியாளர்கள் வெள்ளைத்தாளில் வண்ணம் பூசிக் காயவைத்துக் கொடுப்பார்கள். நீயும் முதல் பீரியடில் பழைய நோட்டுத் தாள்களில் போஸ்டர் கலர் பூச விடு. தூரிகை ஓடிய தடம் தெரியட்டும். வராந்தாவில் காய வை. அடுத்த பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்டால் கொடுக்காதே!

வெட்டும்போது பென்சில் கோடு கூடாது. மத்தீஸ் நேராக வண்ணத்துக்குள் வெட்டிக்கொண்டு போனவர். என் வகுப்பில் தையல்காரர் மகன் ஒருவன் இருந்தான். மற்றவர்கள் கத்தரிக்கோலை வளைத்து நறுக்நறுக்கென்று வெட்ட, ஓரமெல்லாம் பல் விழும். அவன் கத்தரியை அசைக்காமல் பாதி திறந்து பிடித்து, இடது கையால் தாளை மட்டும் திருப்பிக்கொண்டே வருவான். வளைவு வழுக்கிக்கொண்டு வரும். மேல்நாட்டு ஓவியரின் முறையை நடத்த நான் கொண்டுபோன புத்தகத்தைவிட, அப்பாவின் கடையில் அவன் பார்த்துக் கற்றது வகுப்புக்கு உதவியது. உன் வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். தேடிப் பிடித்து முன்னால் நிறுத்து.

இனி பசை. 'நத்தை' 1953இல் செய்தது, இப்போது லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. அகலமும் உயரமும் 2.8 மீட்டருக்கு மேல். எண்பதைத் தாண்டியவர் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லச் சொல்ல, உதவியாளர்கள் துண்டுகளைச் சுவரில் ஊசியால் குத்தி நிறுத்தினார்கள். கொஞ்சம் மேலே, இன்னும் இடப்பக்கம், அந்தப் பச்சையை எடு என்று நகர்த்தி நகர்த்தித்தான் படம் வந்தது. ஒட்டியதெல்லாம் கடைசியில். உன் பிள்ளைகளுக்கும் தெர்மாகோல் அட்டையும் குண்டூசியும் கொடு. பசை டப்பா பீரோவிலேயே இருக்கட்டும். சிவப்பைப் பச்சை பக்கத்தில் வைத்தால் இரண்டும் துள்ளுவதையும், ஆரஞ்சு பக்கத்தில் வைத்தால் அடங்குவதையும் நீ சொல்ல வேண்டியதில்லை. நகர்த்தும்போது அவர்களே கத்துவார்கள்.

சட்டென்று முடிவெடுப்பவனைத்தான் கெட்டிக்காரன் என்கிறது உலகம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. படிப்பு, வேலை, ஊர் மாற்றம் எதுவானாலும் கொஞ்ச காலம் குண்டூசியில் வைத்துப் பார்க்க வழியிருந்தால் வைத்துப் பார். நீயும் இந்தப் பள்ளிதான் கடைசிவரை என்று இப்போதே ஒட்டிக்கொள்ளாதே. எல்லாவற்றுக்கும் அந்த வசதி இல்லை என்பதும் உண்மைதான். கடன் பத்திரத்தில் போட்ட கையெழுத்தை யாரும் நகர்த்திப் பார்க்க முடியாது.

பிள்ளைகள் செய்ததைப் பார்த்துவிட்டு யாராவது, "நாலு தாளை வெட்டி வைத்தால் ஓவியமா?" என்று கேட்பார்கள். தாளைத் தொடுவதற்கு முன் மத்தீஸ் நிஜ நத்தையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து வரைந்தவர். ஆகவே மழைக்காலத்தில் இந்தப் பாடத்தை வை. தோட்டத்து மதிலில் நத்தை கிடைக்கும். பிள்ளைகள் முதலில் அதை வரையட்டும். ஓட்டின் சுருள் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கேள். பாதிப் பேர் பார்க்காமலே பதில் சொல்வார்கள், திரும்பப் பார்க்கச் சொல்.

குண்டூசிகளை எண்ணிக் கொடு, எண்ணி வாங்கு. உன் வகுப்பறையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரும் பிள்ளைகள் உண்டு.