பிள்ளையின் காதும் பெரியவர்கள் கையும்

மதுரைப் பக்கம் பிள்ளையின் காதுக்கு நடக்கிற மரியாதை வேறு எந்த உறுப்புக்கும் நடப்பதில்லை. மொட்டை போட்டு, சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில் உட்கார வைப்பார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை வீரிடும். சொந்தபந்தம் மொத்தமும் வாழைப்பழத்தையும் மிட்டாயையும் நீட்டிக்கொண்டு நிற்கும். அழகர்கோயிலிலோ பாண்டிகோயிலிலோ கிடா விருந்து, மேளதாளத்தோடு மாமன் சீர். அத்தனையும் காது மடலுக்கு. மடலைத் தாண்டி உள்ளே போகிற துளையைத்தான் நாம் கண்ட குச்சியையும் விட்டுக் குடைகிறோம்.

மேலூர்ப் பக்கத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். கரும்பலகையைப் பார்த்து எழுதினால் ஒரு ஒற்றெழுத்துகூடத் தவறாது, கையெழுத்தும் அச்சு மாதிரி இருக்கும். சொல்வதை எழுது என்றால் பத்து வார்த்தையில் எட்டு தப்பு. "மரம்" என்றால் "வரம்" என்று எழுதுவாள். பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்ப்பதாக அவள்மேல் புகார் வேறு. வீட்டில் மந்தம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கண்ணால் படிப்பது சரியாகவும் காதால் வாங்குவது தப்பாகவும் இருந்தால் கோளாறு மூளையில் இருக்காது என்று எனக்குத் தோன்றியது. அம்மாவை வரச் சொல்லிக் கேட்டேன். "சனிக்கிழமையானா எண்ணெய் ஊத்தி, ஊக்கை வச்சு சுத்தமாத்தான் டீச்சர் எடுத்து விடுறேன்" என்றார் அந்த அம்மா. அவர் சொன்னதில் பொய் இல்லை, அக்கறைக்கும் குறைவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரண்டு காதிலும் குறும்பி கெட்டியாக உள்ளே தள்ளி அடைத்திருந்தது. நாலைந்து நாள் சொட்டு மருந்து விட்டு இளக்கி எடுத்தார்கள். திரும்பி வந்த அன்று மின்விசிறி சத்தம் அதிகமாக இருக்கிறது, நிறுத்துங்கள் என்று என்னிடமே வந்து சொன்னாள்.

காது முழுக்க அடைத்துக்கொண்டால் முப்பது, நாற்பது டெசிபல் வரைக்கும் சத்தம் குறைந்துபோகும். நாம் சாதாரணமாகப் பேசும் பேச்சே அறுபது டெசிபல் அளவில்தான் இருக்கிறது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதில் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, குறும்பி அழுக்கே இல்லை என்பது. காதுத் துளையின் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில்தான் அதைச் சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளே வரும் தூசியை அது பிடித்து வைக்கும், தண்ணீரை ஒட்டவிடாது. அதிலுள்ள லேசான அமிலத்தன்மை கிருமியையும் பூஞ்சையையும் அண்டவிடாது. காதுக்குள் இருக்கும் தோல் செவிப்பறையிலிருந்து வெளிப்பக்கமாக, நகம் வளரும் வேகத்தில் நகர்ந்துகொண்டே வருகிறது. அதோடு குறும்பியும் வெளியே வரும். மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவதும் அதைத் தள்ளிவிடும். குளிக்கையில், தூங்குகையில் அது பாட்டுக்கு உதிர்ந்துவிடும். நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. செவிப்பறைப் பக்கத்தில் குறும்பி ஊறுவதே இல்லை. அங்கே அடைத்துக் கிடக்கிறது என்றால் பெரும்பாலும் யாரோ தள்ளியதுதான்.

தள்ளுவதற்கு நம்மிடம் சாமான் பஞ்சமில்லை. அந்தக் காலத்துப் பாட்டிகள் முள்வாங்கியோடு குறும்பிவாங்கியையும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் செருகியிருப்பார்கள். அப்புறம் கோழி இறகு, தீக்குச்சி, ஊக்கு, ஹேர்பின், வண்டிச் சாவி. இப்போது பட்ஸ். 1923-இல் அமெரிக்காவில் லியோ கெர்ஸ்டன்சாங் என்பவர், தன் மனைவி பல்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றிக் குழந்தையைத் துடைப்பதைப் பார்த்துத்தான் இந்தப் பஞ்சுக்குச்சியைத் தயாரித்து விற்க ஆரம்பித்தார். இன்றைக்கு அதே பெட்டியின்மேல், காதுத் துளைக்குள் விடாதீர்கள் என்று அச்சடித்தே விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் அதைப் படிப்பதில்லை. பஞ்சின் நுனியில் கொஞ்சம் ஒட்டி வருவதைப் பார்த்துத் திருப்திப்படுகிறோம். அதைவிட அதிகமாக உள்ளே போனது கண்ணுக்குத் தெரியாதே. பிள்ளை திடீரென்று தலையைத் திருப்பினால் செவிப்பறை கிழிந்துபோகும் ஆபத்தும் இருக்கிறது. பெரியவர்களுக்கே காதுத் துளை இரண்டரை சென்டிமீட்டர்தான். பச்சைப்பிள்ளைக்கு அதைவிடக் குறைவு.

எண்ணெய் விஷயத்தில் என் வயதுக்காரர்களோடு நான் சண்டை போட வேண்டியிருக்கிறது. செவிப்பறை நன்றாக இருக்கும் காதில் சுத்தமான எண்ணெய் இரண்டு சொட்டு விழுந்தால் ஒன்றும் ஆகிவிடாது, கெட்டிக் குறும்பியை அது இளக்கவும் செய்யும். ஆனால் நாம் அதோடு விடுகிறோமா? பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, சூடு ஆறும் முன்னே ஊற்றுகிறோம். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா, சீழ் வடிந்த காதா என்று பார்ப்பதில்லை. பிறந்த குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியதும் காதிலும் மூக்கிலும் வாயால் ஊதுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஊதுகிறவர் வாயில் இருக்கும் கிருமி நேராகப் பிள்ளைக்குப் போகிறது. "அத்தை, டாக்டர் வேணாம்னாங்க" என்று மருமகள் சொல்லும்போது, "நாங்க வளக்கலையா?" என்று எதிர்க்கேள்வி போடுகிறோம். வளர்த்தோம்தான். எத்தனை பிள்ளைகளுக்குக் காதில் சீழ் வடிந்தது, பள்ளிக்கூடத்தில் எத்தனை பேருக்குச் சரியாகக் கேட்காமல் போனது என்று அன்றைக்கு யாரும் கணக்கு எடுக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மருமகள் சொல்லைக் கேளுங்கள் என்று என் வயதுப் பெண்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்.

குடையாவிட்டாலும் சில பிள்ளைகளுக்கு அடைக்கும். துளை குறுகலாக இருக்கலாம், குறும்பி இயல்பிலேயே கெட்டியாக ஊறலாம். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் 2017-இல் புதுப்பித்த வழிகாட்டுதலில், பத்துக் குழந்தைகளில் ஒருவருக்கு அடைப்பு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கோடை விடுமுறையில் கிணற்றிலும் கண்மாயிலும் குதித்துவிட்டு வரும் பிள்ளை, மறுநாள் காது அடைச்சிருக்கு என்று சொன்னால், உள்ளே இருந்த குறும்பி தண்ணீரில் ஊறி உப்பியிருக்கலாம். அப்போது ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பழைய ஆட்கள் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனை கோரிப்பாளையத்தில் இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. சொட்டு மருந்து கொடுத்து இளகவிட்டு, உடம்புச் சூட்டுக்குச் சமமான தண்ணீரைப் பீய்ச்சியோ, உறிஞ்சு குழாயாலோ, கருவியாலோ எடுப்பார்கள். தண்ணீர் குளிர்ந்திருந்தாலும் சூடாக இருந்தாலும் பிள்ளைக்குத் தலை சுற்றும், அதனால் வீட்டில் சிரிஞ்சை வைத்து முயற்சி பண்ண வேண்டாம். கேட்பதில் குறை இல்லை, வலி இல்லை என்றால், குறும்பி இருந்தாலும் அப்படியே விட்டுவிடுங்கள் என்று மருத்துவர் அனுப்பிவிடலாம். ஒன்றும் செய்யாமல் அனுப்பிட்டாங்களே என்று மனக்குறைப்பட வேண்டாம், அதுவும் வைத்தியம்தான்.

சீழ், ரத்தம், வலி, காய்ச்சல் என்றால் எந்தச் சொட்டும் விடாமல் அன்றைக்கே காட்டுங்கள். பிள்ளை புளியங்கொட்டையோ பயறோ காதில் போட்டுக்கொண்டால் தண்ணீர் விடாதீர்கள். ஊறிப் பெருத்து அடைத்துக்கொள்ளும். பொம்மையில் இருக்கும் பொத்தான் பேட்டரி உள்ளே போய்விட்டால் மணிக்கணக்கில்கூடக் காத்திருக்க முடியாது, தோலை அரித்துவிடும்.

2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமம் என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு தடவையும் அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் வர வேண்டும். அன்றைக்குப் பிள்ளையை வேறு வேலைக்காக லீவு போட வைக்காதீர்கள். குழு வரும்வரை வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். டிவியை நிறுத்திவிட்டுப் பிள்ளையின் முதுகுப் பக்கம் ஒரு கை தூரத்தில் நின்றுகொள்ளுங்கள். ஒரு காதை அதன் விரலாலேயே பொத்தச் சொல்லி, கிசுகிசுப்பாக மூன்று வார்த்தை சொல்லுங்கள்: மாடு, பூ, ஏழு. திருப்பிச் சொல்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த காதுக்கு வேறு மூன்று வார்த்தை. எந்தப் பக்கம் தடுமாறுகிறது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்.