இருபத்து நான்கு மாத ஒப்பந்தம்

6 ஜூலை 2024, சனி

போன மாதக் கணக்கு எழுதினேன். டாப்-அப்புக்கு மட்டும் 120 வெள்ளி. கணவருக்கு 35, எனக்கு 35, சின்னவளுக்கு 50. அந்த 50-உம் இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. ஐந்தாம் படிவம், எஸ்.பி.எம். ஆண்டு. பள்ளி வேலை பாதிக்கு மேல் டெலிமா தளத்தில்தான் வருகிறது. வீட்டுக்குள் லைன் ஒரு கோடு காட்டும், சில நேரம் அதுவும் இருக்காது. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போனால் நன்றாக அடிக்கும் என்பதால், பொழுது சாய்ந்ததும் லயத்துப் பிள்ளைகளெல்லாம் அங்கேதான்.

“பொம்பளப் பிள்ள இருட்டுல மேட்டுல உட்கார வேணாம்,” என்கிறார் அவர். 2020 ஜூனில் சபாவின் பித்தாஸில் வெவியோனா மொசிபின் என்ற மாணவி இணையத்தில் தேர்வெழுத மரத்தில் ஏறி உட்கார்ந்ததை நாடே பேசியது. அதற்குப் பிறகு நாலு வருடம் ஓடிவிட்டது. நம் மேட்டில் மரம் இல்லை, தேயிலைதான். அதுதான் வித்தியாசம். வீட்டுக்கு ஒரு இணைப்பு எடுத்தே ஆக வேண்டும்.

7 ஜூலை, ஞாயிறு

ரிங்லெட் சந்தைக்குப் போன கையோடு போன் கடையில் விசாரித்தேன். ஃபைபர் என்றால் 100 எம்பிபிஎஸ் 99 வெள்ளியாம். யூனிஃபை 2010 மார்ச்சில் தொடங்கியபோது பங்சார், தாமான் துன், ஷா ஆலம், சுபாங் ஜெயா வட்டாரங்களில் மட்டும்தான் இருந்தது. 5 எம்பிபிஎஸ்ஸுக்கு 149 வெள்ளி. இத்தனை வருடத்தில் விலை இறங்கி வேகம் ஏறியிருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்காக 2023-இல் வந்த ஒற்றுமைத் தொகுப்பில் 30 எம்பிபிஎஸ் 69 வெள்ளிக்கே கிடைக்கும் என்றான் கடைப் பையன். வீட்டில் மூன்று பேருக்கு 30 தாராளம்.

“அட்ரஸ் சொல்லுங்க ஆன்ட்டி.”

தோட்டத்தின் பெயரையும் லயத்து நம்பரையும் சொன்னேன். கணினியில் தட்டிப் பார்த்தான். பெரிய ரோட்டுக் கம்பம் வரைக்கும் ஃபைபர் வந்திருக்கிறது. அதற்கு உள்ளே தனியார் நிலம். தோட்டம் சம்மதம் கொடுத்தால்தான் கம்பம் நட்டுக் கம்பி இழுக்க முடியும், எடுத்தால் 24 மாத ஒப்பந்தம் என்றான்.

9 ஜூலை, செவ்வாய்

பாலர் வீட்டில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். கிராணி ஐயா நல்லபடியாகத்தான் பேசினார். “கம்பம் நடறதுன்னா மேலிடத்துல கேக்கணும்மா. ஒரு வீட்டுக்காகக் கேக்க முடியாது.” தோட்டத் தொழிலாளர் வீட்டு வசதிக்கு 1990-இல் வந்த 446-ஆம் சட்டம் இருக்கிறது. தண்ணீர், மின்சாரம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் அதில் உண்டு. என் வேலையே அந்தச் சட்டத்தால் வந்ததுதான். இணையம் அதில் இல்லை, இருக்கவும் முடியாது. வீடுகளுக்கு இணையம் வராத காலத்தில் எழுதிய சட்டம்.

ராத்திரி அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்:

“ஒப்பந்தம் எத்தன மாசம்?”

“24.”

“எனக்கு அறுபது ஆக இன்னும் 16 மாசந்தான் இருக்கு.”

அறுபதில் வேலை முடிந்தால் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் தாப்பாவா, ஈப்போவா, ஜொகூரில் மகனோடா என்று இன்னும் பேசி முடிக்கவில்லை. நடுவில் நிறுத்தினால் மிச்ச மாதத்துக்குப் பணம் கட்டச் சொல்வார்கள். வீடு மாறும்போது இணைப்பையும் மாற்றித் தருவார்களாம், ஆனால் போகிற இடத்தில் அவர்கள் கம்பி இருக்க வேண்டும். துண்டறிக்கையில் வேகத்தையும் விலையையும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு வேண்டிய வரி கடைசியில் பொடி எழுத்தில் இருக்கிறது.

11 ஜூலை, வியாழன்

ஈப்போவிலிருந்து தம்பி பேசினான். அவனுக்கு ஆன்டெனா போடுகிற வேலை. “கோடு எத்தனைன்னு பாக்காதக்கா. போன் செட்டிங்ல டிபிஎம்முன்னு ஒரு நம்பர் வரும், அதப் பாரு,” என்றான். மைனஸ் 90 என்றால் நல்ல லைன். மைனஸ் 115-ஐத் தாண்டினால் ஒப்புக்குத்தான் இருக்கிறது என்று அர்த்தம். காலை எட்டு மணிக்கும் ராத்திரி ஒன்பதுக்கும் வேகம் பார்க்கச் சொன்னான். ஒரே டவரை எல்லாரும் பங்கு போடுவதால் ராத்திரி வேகம்தான் உண்மையான வேகமாம்.

வீட்டுக்குள் மைனஸ் 117. தொட்டி மேட்டில் மைனஸ் 94. இரண்டுக்கும் நடுவே ஒரு சரிவுதான்.

பிரிஞ்சாங் மலை உச்சியில் அத்தனை கோபுரம் நிற்கிறது, இங்கே லைன் இல்லையே என்று முன்பெல்லாம் தோன்றும். உயரத்தில் கோபுரம் இருந்து பயனில்லை, அதற்கும் நம் கூரைக்கும் நடுவில் மலைமுகடு நிற்கக் கூடாது என்றான் தம்பி. தோட்டத்தில் லயங்களைக் கட்டியது பள்ளத்தில், ஓடைத் தண்ணீருக்குப் பக்கத்தில். அன்றைக்கு அது சரிதான். 2020-இல் தொடங்கிய ஜெண்டேலா இணையத் திட்டமும் மக்கள் வசிக்கும் பகுதியில் எத்தனை சதவீதம் என்றுதான் கணக்குச் சொல்கிறது. 2021 கடைசியோடு 3ஜி-யை நிறுத்தியபோது பழைய போன்களை மாற்றிப் புதிது வாங்கினோம். போன் புதிதானது, பள்ளம் அப்படியேதான் இருக்கிறது.

13 ஜூலை, சனி

கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் அண்ணன் வீட்டில் ஸ்டார்லிங்க் பார்த்தோம். 2023 ஜூலையில் இங்கே வந்தபோது கருவி 2,300 வெள்ளி, மாதம் 220. நம் கூரையில் இருக்கும் ஆஸ்ட்ரோ தட்டு 36,000 கிலோமீட்டருக்கு அப்பால் அசையாமல் நிற்கும் துணைக்கோளைப் பார்க்கிறது. ஸ்டார்லிங்கின் கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரிலேயே ஓடுகின்றன. அதனால் பேசினால் பதில் உடனே வருகிறது. மலைமுகடு, டவர், தனியார் நிலம் எதைப் பற்றியும் கவலை இல்லை. வானம் திறந்திருந்தால் போதும். பேசிக்கொண்டிருக்கும்போதே கனத்த மழை பிடித்தது. படம் கொஞ்சம் நின்று திரும்ப ஓடியது. “ஆஸ்ட்ரோ அளவுக்கு மோசம் இல்லம்மா,” என்றார் அண்ணன்.

அண்ணனுக்குக் கட்டுப்படியாகும். கோலாலம்பூர் வியாபாரிகளோடு நாள் முழுக்கப் பேசுகிறவர். எங்களுக்கு மாதம் 220 என்பது மளிகையில் கைவைக்கும் காசு. ஆனால் திரும்பி வரும்போது கணவர் சொன்னது சரியாகப் பட்டது: “அதுல ஒண்ணு நல்லது. கழட்டிப் பெட்டில போட்டு எடுத்துட்டுப் போயிடலாம்.”

14 ஜூலை, ஞாயிறு

தம்பி வந்திருந்தான். சிம் போடுகிற மோடமும், இரண்டு கம்பி கொண்ட வெளி ஆன்டெனாவும் கொண்டுவந்தான். தோட்டத்துச் சுவரில் துளை போடக் கூடாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். கீரைப்பாத்தி ஓரத்தில் துணி காயப்போடும் இரும்புக் கம்பத்தோடு ஒரு நீளக் குழாயைக் கட்டி, அதன் நுனியில் மாட்டினான். கம்பி நீண்டால் அலை தேய்ந்துவிடுமாம், அதனால் மோடத்தைப் பின் ஜன்னல் ஓரமே வைத்தான். ரிங்லெட் பக்கம் திருப்பினால் ஒன்றுமில்லை. மேட்டின் இடது தோள் பக்கம் திருப்பியதும் மைனஸ் 98. 18 எம்பிபிஎஸ் வந்தது, ராத்திரி ஒன்பதுக்கு 7.

ஏழு, ஃபைபரின் நூறுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் சின்னவள் அடுப்படி மேசையில் உட்கார்ந்தே கணக்குப் பாடத்தை அனுப்பிவிட்டாள். மகனோடும் முழுசாகப் பேசி முடித்தோம். நாலு மணி இடிக்குக் கம்பியைக் கழற்றி வைக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

16 ஜூலை, செவ்வாய்

முடிவாயிற்று. மோடமும் ஆன்டெனாவும் சேர்த்து 420 வெள்ளி, தம்பிக்குத் தவணையில். ஒப்பந்தமில்லாத சிம், மாதம் 60. பழைய டாப்-அப்பைக் குறைத்துக்கொண்டால் செலவு முன்பைவிட ஏறாது. சொந்த வீட்டுக்காரர் வேகத்தைப் பார்த்து எடுக்கட்டும். வேலையோடு வந்த வீட்டில் இருக்கிறவர்கள், போகிற நாளில் எதைக் கையோடு கொண்டுபோகலாம் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அதோடு விடவில்லை. ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வீட்டுக்கு வீடு கம்பம் கேட்கவில்லை. பாலர் வீட்டுக்கு ஒரே ஒரு ஃபைபர் இணைப்பு, மாலையில் பிள்ளைகள் வந்து படிக்க. நாங்கள் வருவோம் போவோம், பாலர் வீடு தோட்டத்தோடு இருக்கும். 24 மாதமானாலும் 48 மாதமானாலும் அதற்குப் பயமில்லை. லயத்தில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியாயிற்று. பங்களாதேஷ் தம்பிகளும் போட்டார்கள். ஊருக்கு வீடியோவில் பேச அவர்களும் அந்த மேட்டுக்குத்தானே ஏறுகிறார்கள்.

“துரை இதெல்லாம் படிப்பாரா?” என்றார் அவர்.

“கிராணி படிப்பாருங்க. அவர் மகளும் இந்த வருஷம் எஸ்.பி.எம்.”